நம் தலைக்கு மேல் ஒரு வரலாறு
(1974–77 அணி, பி.ஏ. வரலாறு)

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "செஞ்சிக் கோட்டையப் பத்தி எழுதிடுங்க சார், அது உங்களுக்குக் கைவந்த கலையாச்சே" என்றார். சரி என்று சொல்லிவிட்டுக் குறிப்புகளைக்கூட எடுத்து வைத்தேன். ஆனால் கடந்த ஏப்ரல் மாதம் செயற்குழுக் கூட்டத்துக்காக நம் கல்லூரிக்கு வந்த அன்று பிற்பகல் என் மனம் மாறிவிட்டது. செஞ்சி எங்கும் போய்விடாது. அடுத்த மலரில் எழுதுகிறேன். இந்த முறை நம் தலைக்கு மேலே இருக்கும் கூரையைப் பற்றி எழுத அனுமதி கேட்டுக்கொள்கிறேன்.

அன்று கூட்டம் மேல்மாடி வகுப்பறை ஒன்றில் நடந்தது. மணி இரண்டரை. நான்கு மின்விசிறிகளும் முழு வேகத்தில் சுற்றின. சுற்றி என்ன பயன்? கூரைச் சூட்டை வாரி எங்கள் உச்சந்தலையில் இறைத்தன, அவ்வளவுதான். தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து வைத்த மாணவத் தம்பியிடம், "தெனமும் இப்படித்தானாப்பா?" என்று கேட்டேன். "சார், மதியத்துக்கு மேல இங்க யாரும் உக்கார மாட்டோம் சார். அட்டண்டன்ஸ் எடுத்ததும் மரத்தடிக்குப் போயிடுவோம்" என்றான். அப்பாவியாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

நான் படித்த காலத்தில் வரலாற்று வகுப்பு பழைய ஓட்டுக் கூடத்தில் நடக்கும். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று நின்று நின்று திண்டிவனம் வந்து சேர்ந்து, அங்கிருந்து நடந்து வருவோம். வேர்வையில் நனைந்த சட்டை அந்தக் கூடத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். மின்விசிறி இரண்டோ மூன்றோ இருந்தது, அதுவும் மின்சாரம் இருந்தால்தான். பிற்பகல் வகுப்பில் எங்களுக்குத் தூக்கம் வந்தது உண்மை. ஆனால் அது குளிர்ச்சியால் வந்த தூக்கம்!

அன்றைய கூட்டத்தின் பொருள், நம் அணிகள் எல்லாம் சேர்ந்து திரட்டிய நிதியில் இரண்டு வகுப்பறைகள் கட்டித் தருவது. வரைபடம் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தது. பார்த்தேன். மொட்டையான கான்கிரீட் தளம், அகலப் பக்கம் மேற்கு வெயிலைப் பார்த்தபடி. பெயர்ப் பலகைக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். நாம் சூட்டில் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு சூட்டு அறைக்குக் கையெழுத்துப் போடப் பார்க்கிறோமே என்று தோன்றியது. பேசினேன். "வரலாற்று வாத்தியாருக்குக் கட்டடத்தைப் பத்தி என்ன தெரியும்" என்று ஒரு நண்பர் கிண்டலடித்தார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16. கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகி மாண்ட நாள். அப்போது நான் நம் மாவட்டத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை கூடாது என்று அரசு உத்தரவிட்டது. மறுபேச்சுக்கே இடமில்லாத, சரியான உத்தரவு. எங்கள் பள்ளியிலும் இரண்டு கீற்றுக் கொட்டகைகள் இருந்தன. பிரித்தோம். அத்தோடு நின்றிருக்கலாம். பக்கத்தில் பழைய ஓட்டுக் கூடம் ஒன்று இருந்தது. ஓடு தீப்பிடிக்காது, உத்தரவு அதைத் தொடவும் இல்லை. ஆனால் ஊர்ப் பெரியவர்கள், "எல்லாத்தையும் ஒரேயடியா ஒட்டிட்டு கான்கிரீட் போட்டுடலாம் சார், பாக்கவும் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும்" என்றார்கள். எனக்கும் அது கௌரவமாகப்பட்டது. கையெழுத்துப் போட்டேன். திறப்பு விழாவில் மாலையும் போட்டார்கள்.

அடுத்த ஏப்ரலில் தேர்வு நேரத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். பிறகு இன்னொருத்தி. காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார்கள் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு, வெயில் தாழ்ந்த பிறகு, பெஞ்சு மேல் ஏறி நின்று கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்! அன்று முதல்தான் கூரைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்று வருஷம் பத்தாகிறது, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வரலாறு படித்தவனுக்கு எதையும் 'எப்போது, ஏன் மாறியது' என்று கேட்காமல் இருக்க முடியாதே.

நம் பகுதியின் மூத்த கூரை, பனையோலையும் தென்னங்கீற்றும் விழலும்தான். அதன் குளிர்ச்சிக்கு ஈடில்லை. அதற்காகக் கூரை வீட்டைப் புகழ்ந்து பாட நான் தயாரில்லை. கோடை வந்தால் தீ, ஐப்பசி வந்தால் ஒழுகல், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியபோது கூரை வீட்டுக்காரர்கள் பட்ட பாட்டை நம் மாவட்டத்தில் பார்க்காதவர் இல்லை. 2024-இல் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியதே, அன்று கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருந்தவன்தான் நிம்மதியாக இருந்தான். மக்கள் கான்கிரீட்டைத் தேடிப் போனதில் தவறு ஒன்றும் இல்லை. கூரை வீட்டுக் குளிர்ச்சியைப் பற்றிக் கவிதை எழுதுபவர்கள் பெரும்பாலும் மெத்தை வீட்டுக்காரர்கள்!

அதற்கு அடுத்தது நாட்டு ஓடு. பிறகு 1865-இல் பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்து அச்சு ஓடு செய்ய ஆரம்பித்தார்கள். அந்தச் சீமை ஓடு பின்னாளில் தெற்கெங்கும் பள்ளிக்கூடம், ரயில்வே குடியிருப்பு, தாலுகா கச்சேரி என்று பரவியது. ஓட்டுக் கூரையின் ரகசியம் ஓட்டில் மட்டும் இல்லை. உயரமான சரிவும், ஓட்டு இடுக்குகள் வழியாக வெளியேறும் சூடான காற்றும் சேர்ந்துதான் அந்தக் குளிர்ச்சி. குரங்கு ஏறினால் ஓடு உடையும், அது வேறு கதை.

நான் நின்று நிதானித்துச் சொல்ல விரும்புவது மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் பெயர் வைத்த தளத்தைப் பற்றி. நம் ஊரில் 'மெத்தை வீடு' என்போம், 'தார்சு' என்றும் சொல்வார்கள். என் பாட்டி வீட்டின் முன்கட்டு அப்படிப்பட்டது. தேக்கு உத்திரங்கள் மேல் நெருக்கமாகக் குறுக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் மெல்லிய அச்சுக்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று கவ்வும்படி அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை நாலைந்து அங்குலத்துக்குக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடிக்கிற தாளத்துக்குப் பாட்டு வரும். கட்டை துள்ளித் திரும்பும் அளவுக்கு இறுகினால்தான் தளம் ஆயிற்று என்று அர்த்தம். கடைசியில் தட்டோடு பதித்து முடிப்பார்கள். கடற்கரைப் பக்கத்துக் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு என்றால் இன்னும் விசேஷம்.

இந்தத் தளம் ஒரு வேலை செய்யும். நண்பகல் வெயில் அந்தக் கனத்துக்குள் மெதுவாக நடந்து, அடிப்பக்கத்துக்கு வந்து சேர இரவாகிவிடும். பகலில் முன்கட்டு குளுகுளு என்றிருக்கும். இரவில் சூடு கீழே இறங்கும் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு அதே தளத்தின் மேல் போய்ப் படுத்துவிடுவார்கள்! மொட்டை மாடியில் தூங்குவதை நாம் வெறும் பழக்கம் என்று நினைக்கிறோம். அது அந்தக் கட்டடத்தை நடத்தத் தெரிந்தவர்களின் முறை. கல்லூரி போன்ற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கூரை உண்டா? சூடு வந்து சேரும் நேரத்தில் வகுப்பறை பூட்டியிருக்கும்.

பர்மா தேக்கு வருவது நின்றது, சிமென்டும் கம்பியும் மலிந்தன, அடித்துத் தளம் போடும் ஆட்களுக்குக் கூலி கொடுத்து மாளவில்லை. மெட்ராஸ் டெரஸ் போய்விட்டது. ஆனால் முழுதாகப் போகவில்லை என்பதை எனக்குச் சொன்னவர் பொதுப்பணித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பழைய மாணவர் ஒருவர். கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை போட்டுத் தட்டோடு பதிக்க வேண்டும் என்பது நம் மாநில அரசுக் கட்டடங்களில் வெகு காலமாக இருந்துவரும் முறை. வெதரிங் கோர்ஸ் என்பார்கள், மேஸ்திரிகள் சுருக்கித் தளம் என்பார்கள். யோசித்துப் பாருங்கள், அது என்ன? மரமும் அச்சுக்கல்லும் போன பிறகு, மெட்ராஸ் டெரஸின் மேல்பாதி மட்டும் கான்கிரீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது! யாரோ ஒரு முன்னோர், மதிப்பீட்டுப் பட்டியலில் ஒரு வரியாக அதைக் காப்பாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

தனியார் வீடுகளில் அந்த வரிதான் முதலில் அடிபடுகிறது. விழுப்புரத்தில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் மாடியேறிப் பாருங்கள். மூலைக்கு மூலை கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், தளம் வெறுமையாகக் கிடக்கும். கேட்டால், "மேல இன்னொரு மாடி எடுக்கணும் சார், அப்புறம் ஒடைக்கிறதுக்கு எதுக்குத் தளம் போடணும்?" என்பார்கள். மகன் தலையெடுத்து மாடி எடுப்பதற்குள் இருபது வருஷம் ஓடிவிடும். அந்த இருபது வருஷ வெயிலும் கீழே படுத்திருக்கும் தாயார் மேல்தான். என் தாயார் கடைசிக் காலத்தில் அப்படி ஒரு அறையில்தான் இருந்தார். கட்டியவன் நான். ராத்திரி பதினொரு மணிக்கு, "ஏம்ப்பா, செவுரெல்லாம் மூச்சு வுடுதே" என்பார். மின்விசிறியை ஐந்தில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொள்வேன்.

இங்கே மாணவர்களுக்காகக் கொஞ்சம் பூகோளம். திண்டிவனமும் விழுப்புரமும் ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கின்றன. சூரியன் வருஷத்தில் இருமுறை நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். ஏப்ரல் 23 வாக்கில் ஒருமுறை, அதாவது சித்திரை பத்தாம் தேதியை ஒட்டி. ஆகஸ்ட் 20 வாக்கில் மறுமுறை. அன்று நண்பகலில் கொடிக்கம்பத்துக்கு நிழலே இருக்காது, நம் கல்லூரி மைதானத்திலேயே பார்க்கலாம். அப்படியானால் கோடையில் கட்டடத்தின் எந்தப் பக்கம் அதிகம் காய்கிறது? சுவர் அல்ல, கூரை. இன்னொன்று, மே, ஜூன், ஜூலையில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்கத்திக்காரர்கள் எழுதிய புத்தகத்தைப் பார்த்துத் தெற்குச் சன்னலுக்கு மட்டும் சன்ஷேட் வைத்தால் பாதி வேலைதான் ஆகும். நம் ஊர் வீட்டுக்கு நாலு பக்கமும் தாழ்வாரம் இறக்கிய கிழவனுக்கு இது தெரிந்திருக்கிறது.

கான்கிரீட் என்றாலே சூடு என்று ஆகிவிடக்கூடாது. அதற்குச் சாட்சி நம் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. டோக்கியோவில் தொழில் செய்துவந்த ஆன்டனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் 1930-களின் நடுவில் வடிவமைத்தது. கட்டுமானத்தை முதலில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர் ஜார்ஜ் நகாஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் மரச் சாமான்களுக்குப் பெயர் பெற்றாரே, அவரேதான். நிஜாமின் திவான் சர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்த நன்கொடையில் எழுந்ததால் கோல்கொண்டா என்று பெயர். உலகப் போர் குறுக்கே வந்தும் 1940-களின் தொடக்கத்தில் கட்டி முடித்தார்கள். முழுக்க வலுவூட்டிய கான்கிரீட். ஆனால் நீளச் சுவர்கள் தெற்கும் வடக்கும் பார்த்தவை. அந்த இரண்டு பக்கமும் சுவருக்குப் பதில் மேலிருந்து கீழ்வரை திருப்பக்கூடிய அகலப் பலகைகள். வெயிலும் மழையும் வந்தால் சாய்த்துக்கொள்ளலாம், காற்று மட்டும் உள்ளே வரும். கூரை இரட்டை. தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இரண்டுக்கும் நடுவே காற்று. குளிர்சாதனம் கிடையாது. நான் தெருவிலிருந்து பார்த்ததோடு சரி, ஆனாலும் நடைபாதையில் நின்று அந்தப் பலகை வரிசையை அரை மணி நேரம் பார்த்திருக்கிறேன். எண்பது வருஷத்துக்கு முன்னால், 40 கிலோமீட்டர் தொலைவில் இது நின்றிருக்கிறது. நாம் யாரும் போய்ப் பார்த்துப் படிக்கவில்லை.

இன்னும் பக்கத்தில், நம் மாவட்டத்துக்குள்ளேயே, வானூர் வட்டத்தில் ஆரோவில். 1968 பிப்ரவரி 28-இல் தொடங்கியது. செம்மண் பொட்டலாகக் கிடந்த இடம், இன்று காடு. 1989-இல் ஹுட்கோ உதவியோடு அங்கே கட்டட மையம் ஒன்று வந்தது. சத்பிரேம் மைனி நடத்திய அந்த மையம்தான் பிறகு ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் ஆயிற்று. காலடியில் இருக்கும் செம்மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு சிமென்ட் கலந்து, கையால் இயக்கும் எந்திரத்தில் அழுத்தி, நிழலில் வைத்து நீர் தெளித்து ஆற வைத்தால் கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம், நிலக்கரி வேண்டாம். அப்படிப்பட்ட கல்லால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு, ஏழைகளுக்கான கட்டடக் கலை என்ற வகையில், ஹசன் ஃபாத்தி விருது 1992-இல் கிடைத்தது. 1997-இல் வந்த சூரியச் சமையலறையின் மாடியில் 15 மீட்டர் அகலக் கிண்ணம் ஒன்று வெயிலை வாங்கி நீராவியாக்கிச் சோறு வடிக்கிறது. ஆசிரியராக இருந்தபோது மாணவர்களை இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறேன்.

அங்கே வேலை செய்த கொத்தனார் ஒருவரை எனக்குத் தெரியும். வளைவுக் கூரையைச் சாரமே இல்லாமல் எழுப்பும் கைத்திறன் அவருக்கு. சொந்த வீடு கட்டினார், பார்க்கப் போனேன். வெறும் கான்கிரீட் பெட்டி! "என்னங்க மேஸ்திரி இது?" என்றேன். "அங்க மண்ணுல கட்டுனா அழகுங்கறாங்க சார். எங்க ஊர்ல மண்ணுல கட்டுனா பொண்ணு குடுக்க மாட்டாங்க" என்றார். எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்காத உண்மை அது. கேரளத்தில் லாரி பேக்கர் செங்கல்லைப் பூசாமல் விட்டு, எலிப்பொறிக் கட்டு என்று நடுவில் இடைவெளி விட்டு அடுக்கி, செலவையும் சூட்டையும் ஒருசேரக் குறைத்துக் காட்டினார். அவருக்கும் முதலில் கிடைத்தது பேராயரும் மீனவரும். நடுத்தர வர்க்கம் வெகுநாள் தயங்கியது. வீடு என்பது நிழல் மட்டும் இல்லை, அந்தஸ்து. சட்டம் இயற்றுபவர்கள் இதை மறந்தால் கதை நடக்காது.

சட்டம் என்றதும் அந்தக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது உலகம் முழுக்கக் கட்டடங்கள் எவ்வளவு எரிபொருளைத் தின்கின்றன என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது 2001-இல். அதன்கீழ் கட்டடங்களுக்கான விதித்தொகுப்பு 2007-இல் வெளியானது. முதலில் அது 500 கிலோவாட் இணைப்பு உள்ள பெரிய வணிகக் கட்டடங்களுக்கு; பிறகு 2010 திருத்தத்தில் 100 கிலோவாட் என்று இறங்கியது. 2017-இல் புதிய பதிப்பு. வீடுகளுக்கு என்று 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' 2018 டிசம்பரில் வந்தது. 2022-இல் மூலச் சட்டத்தையே திருத்திக் குடியிருப்புகளையும் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவர வழி செய்தார்கள்.

இந்த சம்ஹிதாவில் கூரைக்கு ஓர் எண் இருக்கிறது. 1.2. நம் அணியின் இயற்பியல் நண்பரிடம் விளக்கம் கேட்டேன். "ஒரு சதுர மீட்டர் கூரை. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம். அது வழியா எத்தனை வாட் சூடு எறங்குதுங்கறதுதான்ப்பா கணக்கு. 1.2-க்கு மேல போகக்கூடாது. வெறும் கான்கிரீட்டுக்கு மூணுக்கு மேல வரும்" என்றார். சுருக்கித் தளம் போட்டால்? "கொறையும், ஆனா 1.2 வராது. நடுவுல காத்தை அடைச்சு வச்ச ஏதாவது ஒண்ணு வேணும்." மண்பானைகளை வரிசையாகக் கவிழ்த்து அதன்மேல் தளம் போடுகிற பழைய வழக்கம் நினைவுக்கு வந்தது. கோல்கொண்டாவின் இரட்டைக் கூரையும்தான். இன்று உள்ளீடற்ற சுடுமண் கட்டிகள் கடையிலேயே கிடைக்கின்றன. சன்னலுக்கும் ஓர் எண் உண்டு. நம்மைப் போன்ற வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும்.

எல்லாம் நல்ல எண்கள்தான். ஆனால் அந்த சம்ஹிதா 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. விக்கிரவாண்டிப் பக்கத்துக் காலனியில் அத்தனை பெரிய மனை யாருக்கு இருக்கிறது? நம் மாவட்டத்து ஏழையின் கூரையை மாற்றிய 'சட்டங்கள்' வேறு. தொகுப்பு வீடுகளை விட்டுவிடுகிறேன். 2010-இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க கலைஞர் வீடு வழங்கும் திட்டம். 2011-இல் 300 சதுர அடியில், 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாயில், சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகளோடு முதலமைச்சரின் பசுமை வீடு திட்டம். 2024-இல் 360 சதுர அடியில் கலைஞரின் கனவு இல்லம். குடிசை போனது பெரிய சாதனை, அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் பசுமை வீட்டில் என் பழைய மாணவி ஒருத்தி குடியிருக்கிறாள். "வெளக்கு நல்லா எரியுது சார், பகல்லதான் உள்ள இருக்க முடியல" என்றாள். ஐந்து விளக்குக்கு மேலே வெயிலைப் பிடித்தோம். விளக்குக்குக் கீழே அதே வெயிலை உள்ளே விட்டோம். கனவு இல்லத்தில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் போட்டு, மீதி 60 சதுர அடிக்கு ஓலை அல்லாத வேறு கூரையைப் பயனாளி தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். அந்த 60 சதுர அடியில் ஓடு போட்ட வீடுகளில் பகலெல்லாம் குடும்பமே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

விதி போட்டால் நடக்காது என்று அவநம்பிக்கைப்படுபவர்களுக்கு 2003-ஐ நினைவூட்டுகிறேன். மழைநீர்ச் சேகரிப்பு ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டாயம் என்று வந்ததே! முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் குழாய் வைத்தோம். சிலர் பெயருக்கு வைத்தார்கள் என்றாலும் மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரிந்துபோயிற்று. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக் கொள்கை என்றே ஒன்றை அறிவித்தது. நம் மாநிலம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. இறந்த பிறகு கொடுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதி, இருக்கும்போதே தலைக்கு மேல் வெள்ளைத் தட்டோடாகப் போனால் என்ன?

கடைசியாகக் கூட்டத்துக்கே திரும்பி வருகிறேன். அன்று இதையெல்லாம் இவ்வளவு கோர்வையாக என்னால் சொல்ல முடியவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டு உளறினேன் என்றுதான் சொல்ல வேண்டும். நான் கேட்டவை இவை. வகுப்பறைகளின் நீளப் பக்கம் தெற்கும் வடக்கும் பார்க்கட்டும், இரண்டு பக்கமும் சன்ஷேட் வேண்டும். மேற்கே ஆளோடி போட்டு, அதற்கப்பால் புங்கனோ வேம்போ நடலாம். திந்திரிணி வனம் என்ற பெயரிலிருந்து வந்ததாம் திண்டிவனம், அதனால் புளி என்று சொன்னாலும் நான் மறுக்கமாட்டேன், பேய்க்குப் பயப்படாதவர்கள் இருந்தால். கூரையில் உள்ளீடற்ற சுடுமண் கட்டி அடுக்கி, சுருக்கித் தளம் போட்டு, வெள்ளை ஓடு பதிக்கட்டும். கூடுதல் செலவுக்குப் பெயர்ப் பலகையின் கிரானைட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

பொருளாளர் நண்பர், "வாத்தியாரே, ஏ.சி. ரெண்டு வாங்கிப் போட்டா முடிஞ்சுது. அதுக்கு இவ்ளோ வரலாறா?" என்றார். அவர் தவறாகச் சொல்லவில்லை, அவர் வீட்டில் அப்படித்தான் முடிந்தது. நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஏ.சி.யை நாம் வாங்கலாம், மாதாமாதம் மின்கட்டணத்தை யார் கட்டுவது? கல்லூரியின் மின்கட்டணத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் உறுப்பினரே சொன்னார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு வரைபடத்தைச் சுருட்டி வைத்து, சங்கமம் முடிந்து வரும் முதல் கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்று தள்ளி வைத்தார்கள். அதுவரைக்கும் எனக்கு வெற்றிதான்.

ஆகவே, சங்கமத்துக்கு வரும் நண்பர்களுக்கும் இன்றைய மாணவ மாணவியருக்கும் ஒரு வேண்டுகோள். மே மாத வெயிலில் வருகிறீர்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் உடனே அணிவாரியாகப் புகைப்படம் எடுக்க ஓடிவிடாதீர்கள். இரண்டு மணிக்குப் பழைய ஓட்டுக் கூடத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். அங்கிருந்து படியேறி மேல்மாடி வகுப்பறைக்குப் போய் இன்னும் ஐந்து நிமிடம் உட்காருங்கள், மின்விசிறி போட்டுக்கொண்டே. புதிய வரைபடம் ஒன்றை இயற்பியல் நண்பரும் பொதுப்பணித் துறை நண்பரும் சேர்ந்து போட்டிருக்கிறார்கள். அதையும் ஒரு கையெழுத்து நோட்டையும் வைத்துக்கொண்டு நான் மாடிப்படிக்குக் கீழே, அந்த வேப்ப மரத்தடியில் நிற்பேன். பேனா நான் கொண்டுவருகிறேன்.